உப்பு, சர்க்கரை, தண்ணீர்: குடல் செல்லின் சவ்வை எது, எப்படித் தாண்டுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கரைசல் (உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்து குடிக்கும் நீர்) ஏன் வேலை செய்கிறது என்று ஒருவருக்குச் சொல்லப் போனால், செல் சவ்வுப் பாடம் முழுவதையும் தொட வேண்டியிருக்கிறது. பாடத்தில் பரவல், சவ்வூடு பரவல், செயல்மிகு கடத்தல் என்று தனித்தனித் தலைப்பாக வருவதெல்லாம் குடலில் ஒரே செல்லில் ஒரே நேரத்தில் நடக்கிறது. அதனால் அந்த ஒரு செல்லை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தேர்வுக்குப் படிப்பவர்கள் கேட்பதும் வீட்டில் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் கேட்பதும் கலந்தே இருக்கும்.

செல் சவ்வு எதனால் ஆனது?

பெரும்பகுதி கொழுப்பு, அதற்குள் செருகியபடி புரதங்கள். கொழுப்பு என்றால் பாஸ்போலிப்பிட். இதன் தலைக்கு நீர் பிடிக்கும், இரண்டு வால்களுக்கும் நீர் ஆகாது. அதனால் நீரில் விட்டால் தாமாகவே இரண்டு வரிசையாக நின்றுகொள்ளும்: தலைகள் வெளியே நீரைப் பார்த்தபடி, வால்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்தபடி. 1925-ல் நெதர்லாந்தில் கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பிப் பார்த்தார்கள். செல்களின் பரப்பைப் போல இருமடங்கு வந்தது. இரண்டு அடுக்கு என்று தெரிந்தது அப்படித்தான். புரதங்கள் இந்தக் கொழுப்பில் மிதந்து நகர்கின்றன என்ற படத்தை 1972-ல் சிங்கரும் நிக்கல்சனும் கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தில் இன்றும் இருப்பது அதுதான். மொத்தத் தடிமன் 7 அல்லது 8 நானோமீட்டர்.

இதில் எது சுலபமாகப் போகும், எது போகாது?

ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஆல்கஹால், கொழுப்பில் கரையும் ஹார்மோன்கள் எல்லாம் நேராகக் கொழுப்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். எந்தப் பக்கம் அதிகமோ அங்கிருந்து குறைவான பக்கத்துக்கு, அவ்வளவுதான், செல் ஒன்றும் செலவழிக்க வேண்டியதில்லை.

சோடியம் அயனி இவற்றையெல்லாம் விடச் சின்னது, ஆனால் போகாது. நிறையப் பேர் குழம்பும் இடம் இது. அளவு மட்டுமே கணக்கு என்றால் சோடியம்தான் முதலில் போக வேண்டும். ஆனால் மின்னூட்டம் உள்ள அயனியை நீர் மூலக்கூறுகள் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கின்றன. எண்ணெய்ப் பகுதிக்குள் நுழைய வேண்டுமானால் அந்த நீரையெல்லாம் உதறிவிட்டு வர வேண்டும், அதற்கு ஆகும் ஆற்றல் மிக அதிகம். குளுக்கோஸுக்கு மின்னூட்டம் இல்லை, ஆனாலும் உடம்பு முழுக்க நீரைப் பிடித்துக்கொள்ளும் ஹைட்ராக்சில் தொகுதிகள், ஆளும் பெரியது. ஆகவே உப்பு, சர்க்கரை இரண்டுக்குமே புரதத்தின் துணை வேண்டும்.

தண்ணீர் எப்படிப் போகிறது?

கொழுப்பு வழியாகவும் கொஞ்சம் கசியும். ஆனால் சிறுநீரகத்திலும் சிவப்பணுவிலும் பார்க்கும் வேகத்துக்கு அந்தக் கசிவு போதாது. 1992-ல் பீட்டர் ஆக்ரேயின் குழு நீருக்கென்றே தனி சானல் இருப்பதைக் காட்டியது. அக்வாபோரின் என்று பெயர். ஒரு சானல் வழியாக ஒரு நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகின்றன. 2003 வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்கு, மீதிப் பாதி பொட்டாசியம் சானலின் வடிவத்தைக் கண்டறிந்த ராடெரிக் மெக்கினனுக்கு.

வழி எதுவாக இருந்தாலும் திசையை முடிவு செய்வது கரைபொருள்தான். கரைந்த பொருள் எந்தப் பக்கம் அதிகமோ நீர் அந்தப் பக்கம் போகும். இதுதான் சவ்வூடு பரவல். நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசிறி வைத்தால் ராத்திரிக்குள் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறதே, அதுவும் இதேதான். சிவப்பணுவை வெறும் நீரில் போட்டால் நீர் உள்ளே ஏறி வெடித்துவிடும். 0.9 விழுக்காடு உப்புக் கரைசலில் அப்படியே இருக்கும், ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் அந்த அளவில் இருப்பதற்குக் காரணம் அது.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே எல்லாமே இதிலிருந்துதான் வரும்: நீரை மட்டும் தனியாக இழுத்துப் போடும் பம்ப் எதுவும் நம் உடலில் இல்லை. உப்பை நகர்த்தினால் நீர் பின்னால் வரும்.

அப்படியானால் வயிற்றுப்போக்கின்போது வெறும் தண்ணீர் குடித்தால் உள்ளே ஏறாதா?

கொஞ்சம் ஏறும். ஆனால் இழந்தது நீர் மட்டுமில்லை, சோடியமும் பொட்டாசியமும் சேர்த்துத்தான். உப்பு இல்லாமல் நீரை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். சின்னக் குழந்தைகளுக்கு அதனால் வலிப்புகூட வரலாம். அப்புறம், உப்பு உள்ளே போனால்தான் நீரும் போதிய அளவில் போகும் என்று மேலே பார்த்தோம்.

சாதாரண நாளில் குடல் எவ்வளவு நீரைக் கையாளுகிறது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். நாம் சாப்பிடுவது குடிப்பது சுமார் 2 லிட்டர், எச்சில், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர் என்று உடலே ஊற்றுவது சுமார் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மில்லி. மீதி அத்தனையும் திரும்ப உள்ளே இழுக்கப்படுகிறது. இந்த இழுப்பில் சின்னத் தடங்கல் வந்தாலும் நாள் முழுக்க கழிப்பறைதான்.

ஓஆர்எஸ்ஸில் சர்க்கரை எதற்கு? தெம்புக்குத்தானே?

இல்லை. தெம்புக்கு என்றால் அந்த அளவு போதவே போதாது. சர்க்கரை இருப்பது சோடியத்தை உள்ளே கொண்டுபோக.

குடல் செல்லில், உணவு போகும் குடல் குழாயைப் பார்த்த பக்கத்தில் எஸ்ஜிஎல்டி1 என்று ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. அதில் இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் உட்கார்ந்தால் புரதம் வடிவம் மாறி மூன்றையும் செல்லுக்குள் விடும். சோடியம் மட்டும் வந்தாலோ குளுக்கோஸ் மட்டும் வந்தாலோ வேலை ஓடாது. 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர்தான் இந்தச் சேர்ந்து கடத்தலை முதலில் முன்வைத்தார். அந்தப் புரதத்தின் மரபணுவை எர்னஸ்ட் ரைட்டின் குழு 1987-ல் பிரித்தெடுத்தது.

ஆக, சர்க்கரை சேர்த்தால் சோடியம் போகும், சோடியமும் குளுக்கோஸும் போனால் நீர் போகும். ஓஆர்எஸ்ஸின் மொத்த ரகசியமும் இதற்குள் இருக்கிறது.

சோடியம் ஏன் அவ்வளவு ஆசையாகச் செல்லுக்குள் போகிறது?

உள்ளே குறைவு, வெளியே அதிகம் என்பதால். செல்லுக்குள் சோடியம் லிட்டருக்கு 10 முதல் 15 மில்லிமோல், வெளியே 140-க்குப் பக்கம். போதாததற்குச் செல்லின் உட்புறம் எதிர்மின் தன்மை உள்ளது, நேர்மின் சோடியத்தை அதுவும் இழுக்கும்.

இந்த ஏற்றத்தாழ்வை, அதாவது சோடியச் சரிவை, உண்டாக்கி வைத்திருப்பது சோடியம்-பொட்டாசியம் பம்ப். குடல் செல்லில் இது ரத்தத்தைப் பார்த்த பக்கத்தில் இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கூ 1957-ல் நண்டின் நரம்பிலிருந்து இதைக் கண்டறிந்தார், நோபல் கிடைக்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மாடியில் இருக்கும் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் கரண்ட்டைத் தின்று தண்ணீரை மேலே ஏற்றுகிறது, கீழே குழாயைத் திறக்கும்போது கரண்ட் தேவையில்லை. ஏடிபி செலவாவது பம்பில். எஸ்ஜிஎல்டி1 ஏடிபியைத் தொடுவதே இல்லை, பம்ப் ஏற்கெனவே உண்டாக்கிய சோடியச் சரிவைப் பயன்படுத்தி, அதன் வேகத்தில் குளுக்கோஸையும் ஏற்றிக்கொள்கிறது. பம்ப் செய்வதை முதன்மைச் செயல்மிகு கடத்தல் என்றும், எஸ்ஜிஎல்டி1 செய்வதை இரண்டாம் நிலைச் செயல்மிகு கடத்தல் என்றும் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இரண்டும் ஒரே செல்லின் இரு பக்கங்களில் இருப்பதைப் படமாக வரைந்து பார்க்காதவர்களுக்கு இது மனதில் நிற்காது, அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்தப் பம்ப் நின்றுபோனால்?

சோடியம் உள்ளே தேங்கும், கூடவே நீரும் ஏறும், செல் வீங்கும். அதோடு சோடியச் சரிவை நம்பி நடக்கும் எல்லாக் கடத்தலும் படுத்துவிடும். ஓய்வில் இருக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்புக்கே போகிறது என்றால் அதன் முக்கியத்துவம் புரியும்.

அரளியை ஆடு மாடு தின்றால் ஆபத்து என்று ஊரில் சொல்வார்கள் அல்லவா, அதன் நஞ்சு தாக்குவது இந்தப் பம்பைத்தான், அதிலும் இதயத்தில் இருப்பதை. இதய நோய்க்குக் கொடுக்கும் டிகாக்ஸின் மாத்திரையும் இதே பம்பை மட்டாகத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. அதனால்தான் அந்த மாத்திரையின் அளவில் டாக்டர்கள் அவ்வளவு கவனமாக இருப்பார்கள்.

உள்ளே வந்த குளுக்கோஸ் ரத்தத்துக்கு எப்படிப் போகிறது?

செல்லின் மறுபக்கத்தில் குளூட்2 என்ற இன்னொரு கடத்தி. இதற்குச் சோடியமும் வேண்டாம், ஏடிபியும் வேண்டாம். செல்லுக்குள் குளுக்கோஸ் அதிகம், ரத்தப் பக்கம் குறைவு, ஆகவே இறங்கிப் போய்விடும். எளிதாக்கப்பட்ட பரவல் என்பது இது.

காலராவில் என்ன நடக்கிறது?

கிருமி செல்லுக்குள் நுழைவதில்லை, குடலில் இருந்துகொண்டு ஒரு நச்சை விடுகிறது. இந்த நச்சு இருப்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959-ல் முயல் குடலை வைத்து நிரூபித்தார். உலகத் தரமான வேலை, நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயரைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

நச்சு செல் சவ்வில் ஜிஎம்1 என்ற கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும். சவ்வு அந்த இடத்தில் உள்வாங்கிப் பையாகி நச்சை உள்ளே எடுத்துக்கொள்கிறது. அங்கே போய் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறைத் தாறுமாறாகப் பெருக்கிவிடும். விளைவு இரண்டு. ஒன்று, சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு சானல் திறந்தபடியே நிற்கும். குளோரைடு குடலுக்குள் கொட்டும், சோடியம் பின்னால் போகும், நீரும் போகும். கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர்வரை போய்விடும். இரண்டாவது, உப்பை மட்டும் தனியாக உறிஞ்சும் வழி முடங்கிவிடும். வெறும் உப்புத்தண்ணீர் கொடுத்தால் பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் எஸ்ஜிஎல்டி1-ஐ நச்சு தொடுவதில்லை. சர்க்கரையோடு சேர்ந்து வரும் உப்புக்கு வழி திறந்தே இருக்கிறது. நீர் கொட்டுவது நிற்காவிட்டாலும், கொட்டுவதற்கு ஈடாக உள்ளே ஏற்றிக்கொண்டே இருக்கலாம், சில நாளில் நச்சுப் பட்ட செல்களே உதிர்ந்து புதியவை வந்துவிடும். ஓஆர்எஸ் கொடுத்தும் போக்கு நிற்கவில்லை, அதனால் மருந்து சரியில்லை என்று நிறுத்திவிடுபவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். போக்கை நிறுத்துவது அதன் வேலையே இல்லை, ஆளைக் காப்பாற்றுவதுதான் வேலை.

இதே சிஎஃப்டிஆர் பிறவியிலேயே பழுதாக இருந்தால் வருவது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். அங்கே பிரச்சினை தலைகீழ்: குளோரைடும் நீரும் வெளிவராமல் நுரையீரலில் சளி கெட்டிப்படும்.

ஓஆர்எஸ்ஸை மருந்தாக முதலில் கொடுத்தது யார்?

ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953-லேயே காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் வாய்வழி கொடுத்து லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அப்போது கிரேனின் விளக்கமும் வந்திருக்கவில்லை, ஏன் வேலை செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. 1968-ல் டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் அளந்து, ஒப்பிட்டு, இது பலிக்கிறது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டினார்கள்.

பிறகு 1971. வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தார்கள். சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடாஉப்பு மூன்றையும் எடைபோட்டுப் பொட்டலம் கட்டவைத்து, டிரம்களில் கரைத்து, கூட வந்த உறவினர்களையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நர்ஸ் வேண்டாம், ஊசி வேண்டாம். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. லான்செட் தலையங்கம் 1978-ல் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து கடத்தப்படும் இந்தக் கண்டுபிடிப்பை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. மகாலனபிஸுக்கு பத்ம விபூஷண் கிடைத்தது 2023-ல், அவர் இறந்த பிறகு.

பாக்கெட்டில் என்ன இருக்கிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் 2002 அளவுப்படி ஒரு லிட்டருக்கு: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். கணக்குப் போட்டால் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75. கரைந்த எல்லாத் துகள்களையும் சேர்த்தால் மொத்தச் செறிவு 245, ரத்தத்தினுடையது 290-க்குப் பக்கம். கரைசல் ரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்திருப்பதால் நீர் உள்பக்கம் நகர்வது இன்னும் சுலபம். முன்பிருந்த பழைய அளவில் செறிவு 311, அது வேலை செய்தாலும் போக்கின் அளவு கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அதனால்தான் மாற்றினார்கள்.

ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் சீக்கிரம் கேட்குமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். மருந்து கெட்டியானால் பலம் கூடும் என்ற எண்ணம் இங்கே நேர் எதிராக வேலை செய்யும். செறிவு ரத்தத்தைத் தாண்டிவிட்டால் நீர் ரத்தத்திலிருந்து குடலுக்குள் இறங்கும், போக்கு அதிகமாகும். உள்ளே போகும் உப்பும் குழந்தைக்கு ஆபத்தான அளவுக்கு ஏறும். பாக்கெட்டில் 200 மில்லி என்று போட்டிருந்தால் 200, ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர். பாதிப் பாக்கெட்டைக் கண் மதிப்பில் கொட்டுவதும் வேண்டாம். சர்க்கரை, பால், ஜூஸ் எதையும் மேலே சேர்க்க வேண்டாம்.

இளநீர், கஞ்சி, கூல்டிரிங்க்ஸ்?

அரிசிக் கஞ்சி உப்புப் போட்டால் அருமையான பொருள். மாவுச்சத்து பெரிய மூலக்கூறு, எண்ணிக்கையில் குறைவு, அதனால் செறிவு ஏறாது. குடலில் உடைந்து குளுக்கோஸாக மாறி எஸ்ஜிஎல்டி1-க்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்துக்கொண்டே இருக்கும். காலராவில் அரிசியால் செய்த ஓஆர்எஸ் போக்கின் அளவைக் குறைப்பதாக ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. பாட்டிமார் உப்புக்கஞ்சி கொடுத்ததற்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டாம்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. லேசான போக்குக்குச் சேர்த்துக் குடிக்கலாம், ஓஆர்எஸ்ஸுக்குப் பதில் ஆகாது.

கூல்டிரிங்க்ஸும் டப்பா ஜூஸும் வேண்டவே வேண்டாம். சர்க்கரை மிக அதிகம், சோடியம் மிகக் குறைவு, மேலே சொன்ன கெட்டிக் கரைசலின் தொல்லைதான். ஓஆர்எஸ் என்று பெயர் போட்டே இனிப்புப் பானங்கள் மருந்துக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தன. உலக சுகாதார நிறுவன அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் அந்தச் சொல்லே வரக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அதுவரை எத்தனை குழந்தைகளுக்கு அதை வாங்கிக் கொடுத்திருப்பார்களோ. பின்பக்கம் உள்ள அளவுகளைப் படித்து வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பது சரியான அளவுதான்.

சுகர் இருப்பவர்கள் ஓஆர்எஸ் குடிக்கலாமா?

நீரிழப்பு இருந்தால் குடிக்க வேண்டும். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், நீரிழப்பு செய்யும் கேடு அதைவிடப் பெரிது. சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். சிறுநீரகத்தில் எஸ்ஜிஎல்டி1-இன் தம்பி ஒருவர் இருக்கிறார், எஸ்ஜிஎல்டி2, வடிகட்டிய குளுக்கோஸைத் திரும்ப உறிஞ்சுவது அவர் வேலை. இந்த மாத்திரைகள் அவரைத் தடுத்துச் சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றுகின்றன, கூடவே நீரும் போகும். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் இவற்றை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும், உடனே டாக்டரைக் கேளுங்கள்.

சானல், கடத்தி, பம்ப்: சுருக்கமாக வேறுபாடு?

சானல் திறந்தால் நேர் வழி, நொடிக்குக் கோடிக்கணக்கில் போகும், சரிவுப் பக்கம் மட்டும். கடத்தி ஒவ்வொரு முறையும் வடிவம் மாறியாக வேண்டும், அதனால் வேகம் மிகக் குறைவு. பம்பும் வடிவம் மாறுவதுதான், ஆனால் ஏடிபியைச் செலவழித்துச் சரிவுக்கு எதிராகத் தள்ளும். பெரிய புரதம், கிருமி போன்றவை இந்த மூன்றிலும் அடங்காது, சவ்வே பையாக உள்வாங்கும் எண்டோசைட்டோசிஸ் வழிதான். காலரா நச்சு வந்த வழி ஞாபகம் இருக்கும்.

பாக்கெட் இல்லை, ராத்திரி நேரம். வீட்டிலேயே செய்யலாமா?

ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. நாம் போடும் சர்க்கரை குடலில் உடைந்து பாதி குளுக்கோஸ் தரும், அது போதும். இதில் பொட்டாசியம் இல்லை, ஆகவே கிடைத்ததும் பாக்கெட்டுக்கு மாறிவிடுங்கள். உப்பில்தான் கவனம்: கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கரையுங்கள்.

எவ்வளவு கொடுப்பது? வாந்தி எடுத்தால்?

ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்கள் வேண்டிய மட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. குழந்தைகளுக்கு 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரையும் உண்டு, சுகாதார நிலையத்தில் சேர்த்தே தருவார்கள். கண் குழிவிழுந்து, சோர்ந்து, குடிக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

மிச்சக் கரைசலை நாளைக்கு வைக்கலாமா?

24 மணி நேரம் மூடி வைக்கலாம். அதற்கு மேல் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். கரைத்த பிறகு சூடாக்கக் கூடாது, நீர் ஆவியாகிச் செறிவு ஏறிவிடும்.